மரபணுவை மௌனமாக்கி மூளையை அறிந்த வரலாறு

மலர்க் குழு நண்பர்கள் என்னிடம் கட்டுரை கேட்டபோது ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "சார், ஆஸ்டல் சாப்பாடு, கட் அடிச்ச கதையெல்லாம் வேண்டாம். இப்பப் படிக்கிற பசங்களுக்கும் பிரயோஜனமா இருக்கணும்" என்றார்கள். விலங்கியல் படித்தவனிடம் கேட்டால் வேறு என்ன எழுதுவான்? வரலாறுதான் எழுதுகிறேன். ஆனால் பல்லவர் வரலாறு அல்ல. அது நம் ஊர்க்காரர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். இது ஒரு பூவில் தொடங்கி, ஒரு புழுவில் வளர்ந்து, மூளையின் வாசலில் வந்து நிற்கும் அறிவியல் வரலாறு. நமக்கு அடுத்த ஊரான வேலூருக்கும் மதுரைக்கும் இதில் பங்கு உண்டு என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

வேலூரில் கண்ட காய்ச்சல்

காஞ்சியிலிருந்து வேலூர் இரண்டு மணி நேர பஸ் பயணம். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1955ஆம் ஆண்டு, அன்றைய வட ஆற்காடு மாவட்டக் குழந்தைகளிடம் ஒரு மூளைக்காய்ச்சல் அடையாளம் காணப்பட்டது. கடும் ஜுரம், வலிப்பு, நினைவிழப்பு, பிறகு பலருக்கு மரணம். அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று தெரிந்தது. இந்தியாவில் நோயாளிகளிடம் அந்த நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அப்போதுதான். புனேயில் 1952ல் தொடங்கப்பட்ட வைரஸ் ஆராய்ச்சி மையம் இந்த ஆய்வுக்குத் துணை நின்றது.

பெயரில் ஜப்பான் இருந்தாலும் நோய் நம் வயற்காட்டு நோய். நெல் வயலில் தேங்கும் தண்ணீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு இதைப் பரப்புகிறது. கொக்கு, நாரை, பன்றி ஆகியவற்றின் உடலில் வைரஸ் பெருகுகிறது. கொசு கடித்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. தொற்று ஏற்பட்டவர்களில் சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் கடுமையாகிறது. ஆனால் அப்படி மூளை வீங்கியவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேர் இறக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் 30 முதல் 50 சதவீதம் பேருக்குக் கை கால் முடக்கம், பேச்சுத் தடை, வலிப்பு என்று நிரந்தரக் குறை தங்கிவிடுகிறது. "பிள்ளை பிழைச்சுது, ஆனா பழைய பிள்ளையா வரலை" என்று தாய்மார்கள் சொல்வது இதைத்தான்.

இங்கே மருத்துவத்துக்கு ஒரு பெரிய கேள்வி இருந்தது. மூளை பாதிக்கப்படும்போது எந்த மரபணு நன்மை செய்கிறது, எது கெடுதல் செய்கிறது? அதை எப்படித் தெரிந்துகொள்வது? உயிருள்ள மூளையைத் திறந்து ஒவ்வொரு மரபணுவாக அணைத்துப் பார்க்க முடியுமா? பல பத்தாண்டுகள் இதற்கு வழியில்லாமல் இருந்தது. வழி வந்தது, யாரும் எதிர்பாராத ஒரு பூந்தொட்டியிலிருந்து.

பூவும் புழுவும்

1990ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஜார்கன்சன் என்பவரும் அவருடைய சகாக்களும் பெட்டூனியாப் பூவின் ஊதா நிறத்தைக் கூட்ட நினைத்தார்கள். நிறம் தரும் மரபணுவை இன்னொரு பங்கு கூடுதலாகச் செடியில் சேர்த்தார்கள். நிறம் கூடவில்லை. பல செடிகளில் பூ வெள்ளை வெளேரென்று பூத்தது! கூடுதலாகப் போட்ட மரபணு, ஏற்கெனவே இருந்ததையும் சேர்த்து வாயடைத்துவிட்டது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

விடை 1998ல் வந்தது. ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ என்ற இருவரும் ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள 'சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ்' என்ற உருளைப்புழுவில் சோதனை செய்தார்கள். ஒற்றை இழை ஆர்.என்.ஏ.வைச் செலுத்தினால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைச் செலுத்தினால், அதே வரிசையைக் கொண்ட மரபணு அடங்கிப்போனது. மிகச் சிறிய அளவே போதுமானதாக இருந்தது. இதற்கு ஆர்.என்.ஏ. குறுக்கீடு என்று பெயர். எட்டே ஆண்டுகளில், 2006ல், இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மனித செல்லில் மட்டும் ஒரு தடை இருந்தது. நீண்ட இரட்டை இழையைப் போட்டால் செல் அதை வைரஸ் என்று நினைத்து அபாய மணி அடித்துவிடும். ஜெர்மனியில் தாமஸ் டுஷ்லின் குழு 2001ல் அதற்கும் வழி கண்டது. இருபத்தொரு எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்.என்.ஏ. போதும், மணி அடிக்காது, வேலை நடக்கும்.

நம் தறியில் வைத்துப் பார்த்தால்

வேற்றுத் துறை நண்பர்களுக்காக நம்ம ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். பட்டுச் சேலைக் கரையில் அன்னம் வரவேண்டும் என்றால் முதலில் கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைகிறார்கள். அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டைகளில் துளை போடுகிறார்கள். அட்டை தறிக்குப் போகிறது. சேலையில் அன்னம் விழுகிறது. செல்லுக்குள்ளும் இதே கதைதான். பீரோவில் பத்திரமாக இருக்கும் டிசைன் தாள்தான் டி.என்.ஏ. தறிக்குப் போகும் அட்டை, தூது ஆர்.என்.ஏ. சேலையில் விழும் அன்னம், புரதம்.

ஆர்.என்.ஏ. குறுக்கீடு டிசைன் தாளைத் தொடுவதில்லை. குறிப்பிட்ட அட்டைகளை மட்டும் தேடிப் பிடித்து வெட்டிவிடுகிறது. அன்னம் விழாது, அல்லது அரைகுறையாக விழும். "ஓகோ, இந்த அட்டைதான் அன்னத்துக்கு" என்று நமக்குத் தெரிந்துவிடும். செல் மறுபடி அட்டை அடித்துக்கொள்ளும் என்பதால் விளைவு நிரந்தரமும் அல்ல. ஒரு மரபணுவின் வேலையை அறிய இதைவிடச் சுலபமான வழி அதுவரை கிடையாது. 2003ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, அந்தச் சின்னப் புழுவின் மரபணுக்களில் சுமார் 86 சதவீதத்தை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்துவிட்டது!

பட்டுப்புழுவுக்கும் இதனால் பயன் உண்டு. ஐதராபாத்தில் முனைவர் ஜே. நாகராஜு அவர்களின் ஆய்வுக்கூடத்தில், புழுக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் ஒரு வைரஸின் பல மரபணுக்களை ஒரே நேரத்தில் அடக்கும்படி பட்டுப்புழுவையே மாற்றியமைத்தார்கள். 2013ல் அந்த ஆய்வு வெளியானது. புழு என்றால் முட்டையிலேயே மாற்றிவிடலாம். மனித மூளையை அப்படி மாற்ற முடியுமா?

மூடிய கதவு

மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர் சாதாரணச் சுவர் அல்ல. கருவறை வாசல் மாதிரி. கண்டதையும் உள்ளே விடாது. குட்டி ஆர்.என்.ஏ.வை ஊசி மூலம் இரத்தத்தில் செலுத்தினால் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும், மூளைக்கு எட்டாது. இன்னொரு வேடிக்கை, அந்த உருளைப்புழுவில்கூட மற்றத் திசுக்கள் எளிதில் அடங்க, நரம்பு செல்கள் மட்டும் முரண்டு பிடித்தன. அதற்கு இருப்பதோ மொத்தம் 302 நரம்பு செல்கள்!

ஆகவே முதலில் நேராக மூளைக்குள்ளேயே செலுத்திப் பார்த்தார்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பெவர்லி டேவிட்சன் குழு, தீங்கற்ற ஒரு வைரஸை வாகனமாக வைத்து, நடை தள்ளாடும் பரம்பரை நோய் கொண்ட எலிகளின் சிறுமூளையில் கெட்ட மரபணுவை அடக்கியது. எலிகளின் நடை தேறியது. அது 2004. அடுத்த ஆண்டே ஹண்டிங்டன் நோய் எலிகளிலும் முன்னேற்றம் காட்டினார்கள். ஒரு நோய்க்கு ஒரு மரபணுதான் காரணமா என்பதைச் சோதிக்கவும், அதை அடக்கினால் மூளை தேறுமா என்று பார்க்கவும் ஒரே கருவி கிடைத்தது.

வெறிநாய் வைரஸ் தந்த சாவி

மண்டையைத் துளைக்காமல் போக வழி உண்டா? இங்கேதான் கதை வேலூருக்குத் திரும்புகிறது. வெறிநாய்க்கடி வைரஸ் நரம்பு செல்லைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்வதில் கெட்டிக்காரன். அதன் மேலுறைப் புரதத்திலிருந்து 29 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு துண்டை மட்டும் எடுத்து, அதனோடு குட்டி ஆர்.என்.ஏ.வைச் சேர்த்து, எலியின் இரத்தக் குழாயில் செலுத்தினார்கள். அது மூளைக்குள் போய்ச் சேர்ந்தது. 2007ல் 'நேச்சர்' இதழில் வந்த இந்த ஆய்வை நடத்தியவர்கள் பிரீதி குமார், பிரேம்லதா சங்கர், மஞ்சுநாத் சுவாமி முதலியோர். அமெரிக்காவிலும் கொரியாவிலும் இருந்த குழுக்கள் சேர்ந்து செய்த வேலை.

எந்த நோயில் சோதித்தார்கள் தெரியுமா? வேலூரில் 1955ல் கண்ட அதே ஜப்பானிய மூளைக்காய்ச்சலில்! அந்த வைரஸின் மரபுப் பொருளே ஆர்.என்.ஏ. என்பதால் வெட்ட வேண்டிய அட்டை நேராகவே கிடைத்தது. சிகிச்சை பெற்ற எலிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் பிழைத்தன. சிகிச்சை பெறாதவை அத்தனையும் இறந்தன. ஒரு கொடிய வைரஸின் சாவியை எடுத்து இன்னொரு கொடிய வைரஸைப் பூட்டிய கதை இது. ஆனால் எலியில் கிடைத்த வெற்றி இன்னும் மனிதருக்கு மருந்தாக வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடிபட்ட மூளை

நம் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஹெல்மெட் இல்லாமல் போய் விழுந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். தலையில் அடிபட்ட அந்த நொடியோடு சேதம் முடிவதில்லை. பிறகு மணிக்கணக்கில், நாள்கணக்கில் மூளை வீங்குகிறது. மண்டை ஓடு விரியாது. வீக்கம் மூளையையே நசுக்குகிறது. மூளையில் தண்ணீர் போய்வரும் வாய்க்கால், அக்வாபோரின்-4 என்ற புரதம். அடிபட்ட இளம் எலிகளில் இதன் மரபணுவை ஆர்.என்.ஏ. குறுக்கீட்டால் அடக்கியபோது வீக்கம் குறைந்தது; நடையும் நினைவாற்றலும் மேம்பட்டன. இது 2013ல் வெளியான அமெரிக்க ஆய்வு.

அதற்கு முந்தைய ஆண்டு டப்ளினில் எதிர்ப்பக்கமாக ஒரு யோசனை செய்தார்கள். இரத்தக் குழாய்ச் சுவரின் செல்களை இறுக்கிக் கட்டும் கிளாடின்-5 என்ற புரதத்தைச் சற்று நேரம் குறைத்து, தேங்கிய நீர் வெளியேற வழிவிட்டார்கள். அடிபட்ட எலிகளில் அங்கும் வீக்கம் வடிந்தது. மரபணுவைக் கொஞ்ச நேரம் மட்டும் அடக்கலாம் என்பது குறை அல்ல, இங்கே அதுவே வசதி. வீக்கம் வடிந்தபின் கதவு மறுபடி மூட வேண்டுமே!

மதுரை வகுப்பறையிலிருந்து

இதை மருந்தாக்கிய வரலாற்றில் ஒரு தமிழர் பெயர் முன்வரிசையில் நிற்கிறது. முத்தையா மனோகரன், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பி.எஸ்ஸி.யும் எம்.எஸ்ஸி.யும் வேதியியல் படித்தவர். பிறகு அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றார். 2003ல் அல்நைலம் என்ற நிறுவனத்தில் சேர்ந்தார். குட்டி ஆர்.என்.ஏ. உடலுக்குள் போனவுடன் சிதைந்துவிடும். அதைச் சிதையாமல் காப்பதும், எந்த உறுப்புக்குப் போக வேண்டுமோ அதற்கு முகவரி ஒட்டுவதும் வேதியியலின் வேலை. கல்லீரல் செல் விரும்பிப் பிடிக்கும் ஒரு சர்க்கரையை அதில் ஒட்டி அனுப்பும் முறையை வளர்த்தெடுத்ததில் அவர் குழுவுக்குப் பெரும்பங்கு உண்டு.

2018 ஆகஸ்டில் உலகின் முதல் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு மருந்தான பட்டிசிரானுக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. அது ஒரு பரம்பரை நரம்பு நோய்க்கான மருந்து. ஆனால் அது வேலை செய்யும் இடம் கல்லீரல். அறிமுகத்தின்போது ஆண்டு விலை 4,50,000 டாலர் என்று அறிவித்தார்கள். படித்துவிட்டு எனக்குத் தலை சுற்றியது. 2022ல் அதே நிறுவனத்தார், பதினாறு கார்பன் கொண்ட ஒரு கொழுப்புச் சங்கிலியை ஒட்டினால் குட்டி ஆர்.என்.ஏ. மூளை செல்களுக்குள்ளும் போகும் என்று விலங்குகளில் காட்டினார்கள். 2023ல், இளவயதில் வரும் அல்சைமர் நோயாளிகளுக்கு முதுகுத்தண்டு நீரில் ஒரே ஒரு ஊசி போட்டதில், நோயோடு தொடர்புடைய புரதம் சிலரிடம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. மனித மூளையில் ஒரு மரபணுவை இந்த முறையில் அடக்க முடியும் என்று தெரிந்த முதல் சந்தர்ப்பம் அது. புரதம் குறைந்தால் நினைவு தேறுமா என்பது அடுத்த கேள்வி. அதற்கு ஆய்வுதான் பதில் சொல்ல வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

இத்தனையும் எழுதிவிட்டு ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கென்று தனி மருந்து இன்றும் இல்லை. குழந்தைகளைக் காப்பது தடுப்பூசிதான். 2005ல் உத்தரப் பிரதேசத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபிறகு, 2006 முதல் நோய் உள்ள மாவட்டங்களில் தடுப்பூசி இயக்கம் நடந்தது. கர்நாடகத்தின் கோலாரில் கிடைத்த வைரஸ் வகையிலிருந்து 2013ல் உள்நாட்டுத் தடுப்பூசியும் வந்தது. குழந்தைக்கு ஊசி, கொசுவுக்கு வலை, வண்டி ஓட்டுபவருக்கு ஹெல்மெட். இவை மூன்றும் எந்த ஆய்வுக்கூடத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் ஊசி போடத் தவறிய குழந்தைக்கும், விழுந்துவிட்ட இளைஞனுக்கும், நினைவிழந்த பெரியவருக்கும் யார் பதில் சொல்வது? எந்த மரபணு கெடுக்கிறது என்று தெரிந்தால் பாதி வழி. அந்த இடத்துக்கு மருந்தைக் கொண்டுசேர்த்தால் மீதி வழி. முதல் பாதியைப் பூவும் புழுவும் காட்டிக்கொடுத்தன. மறுபாதியில் மதுரைக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர் நடந்துகொண்டிருக்கிறார். தம்பி தங்கைகளே, நம் கல்லூரி ஆய்வுக்கூடத்து மேசையும் அந்த மேசைக்குக் குறைந்தது அல்ல. பூ ஏன் வெள்ளையாகப் பூத்தது என்று கேட்கிற மனசு இருந்தால் போதும். அடுத்த சந்திப்பு மலரில் உங்களில் ஒருவர் பெயரை எழுதும் பாக்கியம் எங்களுக்குக் கிடைக்கட்டும்.

வளர்க நம் கல்லூரி!