சிவில் பொறியியல் தொழில்நுட்பம் – சுற்றுச்சூழல் இணைப்புப் படிப்பு

சிவில் பொறியியல் தொழில்நுட்ப இளநிலைப் பட்டத்தையும் சுற்றுச்சூழல் சார்ந்த முதுநிலைப் பட்டத்தையும் ஒரே தொடராக முடிக்கும் அமெரிக்கக் கல்வி முறை. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் தொழில்நுட்ப நிறுவனத்தில் இவ்வகைப் படிப்பு உண்டு. இளநிலையின் கடைசிக் கட்டத்தில் படிக்கும் சில முதுநிலைப் பாடங்கள் இரண்டு பட்டங்களுக்கும் கணக்கில் சேர்வதால் காலம் மிச்சம்.

இதன் தேவை கட்டுமானத் தளத்திலேயே புலப்படும். 1972-இல் இயற்றப்பட்ட அமெரிக்கத் தூய நீர்ச் சட்டத்தை ஒட்டிய விதிகளின்படி, ஓர் ஏக்கரோ அதற்கு மேலோ நிலத்தைக் கிளறும் பணிகளுக்குப் பொதுவாக மழைநீர் வெளியேற்ற அனுமதி வேண்டும். வண்டல் ஓடைக்குப் போகாமல் தடுப்புத் துணி கட்டுவார்கள்; அதன் அடியை மண்ணில் புதைக்காவிட்டால் முதல் மழைக்கே நீர் கீழே புகுந்துவிடும். இப்படிப்பில் ஒரு குறை: பொறியாளர் உரிமத்துக்குத் தொழில்நுட்பப் பட்டத்தைச் சில மாநிலங்கள் ஏற்பதில்லை. சேர்வதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.