குளத்து நீரும் கூட்டத்துப் பேச்சும்

வவுனிக்குளம், பாவற்குளம், கனகராயன்குளம் என்று வன்னியின் ஊர்ப்பெயர்களே அந்நிலத்தின் வரலாற்றைச் சொல்லிவிடும். குளத்து நீர் பொதுவானது, வயலோ தனித்தனியானது. ஆகவே விதைப்புக்கு முன் எல்லோரும் கூடிப் பேசியே ஆகவேண்டும். அவ்வாறு கூடியவர்கள், கூடிய காரணத்தை விட்டு விலகாமல் பேசியது எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

நீர்ப்பாசனம் குறித்த பழைய வழமைகளுக்கு உயிர்கொடுக்க, தேசாதிபதி ஹென்றி வார்ட்டின் காலத்தில் 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. பின்னர் 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், காணிக்காரரைக் கூட்டும் அதிகாரத்தை அரசாங்க அதிபருக்கு அளித்தது. பெரும்பான்மையோர் எடுத்த முடிவு, கூட்டத்துக்கு வராதவரையும் கட்டுப்படுத்தும். கூட்டம் எதைப் பேசலாம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. நீர் திறக்கும் நாள், விதைப்பு முடியும் நாள், நீர் நிறுத்தும் நாள், வாய்க்கால் துப்புரவு, வேலி, கட்டாக்காலி மாடுகள் ஆகியவையே பேசுபொருள். காணி உறுதிச் சண்டைக்கு நீதிமன்றம் இருந்தது.

இரணைமடுவை எடுத்துக்கொள்வோம். கனகராயன் ஆற்றை மறித்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டப்பட்ட இக்குளத்தின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல்கள் உள்ளன. காலபோகத்துக்கு மழை துணைநிற்கும். சிறுபோகம் முழுக்கக் குளத்தையே நம்பியது. எல்லா வயலுக்கும் நீர் போதாது. எனவே முதலில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் நீர்மட்டத்தைச் சொல்லவேண்டும். அதன் பிறகே எத்தனை ஏக்கர், யாருக்கு எவ்வளவு பங்கு, எந்த வயதுடைய நெல் என்ற பேச்சுகள் வரிசையாக வரும். இந்த ஒழுங்கு குலைந்தால், இருக்கும் நீரை அறியாமலே பங்குக்குச் சண்டை தொடங்கிவிடும். பேச்சு இழுபட்டு விதைப்பு பிந்தினால், கடைசியாக விதைத்தவரின் பயிருக்காக வாய்க்காலில் நீர் ஓடிக்கொண்டேயிருக்க வேண்டிவரும். வழிதவறிய பேச்சின் விலையைக் குளமே கொடுக்கும்.

ஆனால் இந்த மரபுக்கு மறுபக்கமும் உண்டு. "அது இன்றைய விடயமல்ல" என்ற வாக்கியம், கூட்டத்தை நடத்தவும் உதவும். வாயை அடைக்கவும் உதவும். இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம் 2010இற்குப் பின் இதற்கு நல்ல சோதனையாக அமைந்தது. இடம்பெயர்ந்து மீண்ட கமக்காரருக்குச் சிறுபோகமே போய்விடுமோ என்ற அச்சம்; குடாநாட்டாருக்கோ கிணற்றுநீர் கெட்டுவருகிறதே என்ற கவலை. இரண்டும் நியாயமானவை. எந்தத் திகதியில் நீர் திறப்பது என்று முடிவுசெய்யும் கூட்டத்தில் இதற்குத் தீர்வு காண முடியாது. அதற்காக அதைப் பேசாமல் விடவும் முடியாது. திறப்பதற்கு நீர் இருக்குமா என்பதே அல்லவா கேள்வி! கமக்காரரின் எதிர்ப்பு மாகாண சபை வரை சென்றது. பின்னர் திட்டம் மாறி, தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைந்தது.

இதிலிருந்து நான் விளங்கிக்கொள்வது இதுதான்: பேசுபொருளை விட்டு விலகும் ஒருவரைத் தடுக்கும் உரிமை தலைவருக்கு உண்டு. ஆனால் தடுக்கும்போதே, அந்த விடயம் எங்கே, எப்போது, யார் முன்னிலையில் பேசப்படும் என்று சொல்லும் கடமையும் அவருக்கு உண்டு. வேறொரு நாளையோ வேறொரு சபையையோ காட்டாமல் "பிறகு பார்க்கலாம்" என்று சொல்வது ஒழுங்கல்ல, தட்டிக்கழிப்பு.

வாய்க்காலுக்குக் கரை இருப்பது நீரைச் சிறைப்பிடிக்க அல்ல. கடைசி வயலுக்கும் கொண்டுசேர்க்க. கூட்டத்தின் வரம்பும் அப்படித்தான் இருக்கவேண்டும்.