சி4 மரபணுவும் மனச்சிதைவு நோயும்

சி4 மனிதரின் ஆறாம் குரோமோசோமில், நோயெதிர்ப்பு மரபணுக்கள் நெருங்கிக் கிடக்கும் எம்.எச்.சி. பகுதியில் உள்ளது. கிருமிகளையும் சிதைந்த செல்களையும் அடையாளமிட்டு அகற்ற உதவுவதோடு அழற்சியையும் தூண்டும் காம்ப்ளிமென்ட் புரதங்களுள் ஒன்றை இது உருவாக்குகிறது. மனச்சிதைவு நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் மரபணு வேறுபாடுகள் பல. அவற்றுள் செயல்படும் விதம் ஓரளவேனும் விளங்கியவை மிகச் சிலவே; சி4 அவற்றில் முதன்மையானது.

மனச்சிதைவுக்கான மரபுக் காரணத்தைத் தேடி, இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். போன்ற அழற்சி மரபணுக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சிறு குழுக்களிடம் சோதித்த பழைய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. 2009இல் மரபணுத்தொகுதி முழுவதையும் அலசிய பெரிய ஆய்வுகள் எம்.எச்.சி. பகுதியைச் சுட்டின. ஆனால் அங்கே குவிந்துள்ள மரபணுக்களில் எது காரணம் என்று பிரித்தறிவது கடினமாக இருந்தது. 2016இல் அஸ்வின் சேகர், பெத் ஸ்டீவன்ஸ், ஸ்டீவன் மெக்காரல் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் அதற்கு விடை தந்தனர்.

சி4இல் டி.என்.ஏ.வின் ஓர் எழுத்து மாறுவதல்ல செய்தி. சி4ஏ, சி4பி என இரு வகைகள்; ஒவ்வொன்றிலும் நீண்ட வடிவமும் குறுகிய வடிவமும் உண்டு. பழங்கால வைரஸ் ஒன்றின் மரபுத்துண்டு செருகப்பட்டதே நீண்ட வடிவம். ஒருவரிடம் எந்த வகையின் எத்தனை படிகள் உள்ளன என்பது ஆளுக்கு ஆள் மாறும். மூளையில் சி4ஏ அதிகம் உருவாகும் அமைப்பைப் பெற்றவர்களுக்கு நோய் வாய்ப்பும் கூடியிருந்தது. சுமார் 65,000 பேரின் மரபுத் தரவுகளில் இது தெரிந்தது.

வளரும் மூளையில் தேவைக்கு மிஞ்சிய நரம்பிணைப்புகளை மைக்ரோகிளியா செல்கள் விழுங்கி அகற்றுகின்றன. எதை அகற்றுவது என்று குறியிடுவதில் காம்ப்ளிமென்ட் புரதங்களுக்குப் பங்குண்டு. சி4 இல்லாத எலிகளில் இந்தக் கத்தரிப்பு குறைந்தது. பதின்பருவத்தில் கத்தரிப்பில் ஏற்படும் கோளாறே நோய்க்கு வழிவகுக்கலாம் என்று 1982லேயே ஆய்வாளர் இர்வின் ஃபைன்பெர்க் கருதியிருந்தார். நோய் பெரும்பாலும் பதின்பருவ இறுதியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுவதோடு இது பொருந்துகிறது. என்றாலும் மனிதரில் இந்தச் சங்கிலி முழுமையாக நிறுவப்படவில்லை.

வியப்பான மறுபக்கமும் உண்டு. மனச்சிதைவுக்கு வாய்ப்பைக் கூட்டும் அதே சி4 அமைப்புகள், லூபஸ், ஷோகிரென் ஆகிய தன்னெதிர்ப்பு நோய்களுக்கான வாய்ப்பைக் குறைப்பதாக 2020இல் கண்டறியப்பட்டது. எனவே இதைக் ‘கெட்ட மரபணு’ என்று அழைப்பது தவறு.

2016 ஆய்வில் மிகக் குறைந்த வாய்ப்புள்ள பரவலான சி4 அமைப்போடு ஒப்பிட, மிக அதிக வாய்ப்புள்ளது நோய் வாய்ப்பை ஏறத்தாழ 1.3 மடங்காக்கியது. அத்தகைய அமைப்பு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. ஆகவே சி4ஐச் சோதித்து யாருக்கு நோய் வரும் என்று சொல்ல முடியாது.