வெண்காரம்: ஒரு சொல்லும் அதன் பயணமும்

பொற்கொல்லர் பட்டறையில் சிறு கிண்ணமொன்றில் இருக்கும் வெள்ளைப் பொடியை நம் முன்னோர் வெண்காரம் என்றனர். வெங்காரம் என்பாரும் உண்டு. வேதியியலில் அது சோடியம் போரேட்டு. நீரில் கரைந்தால் காரத்தன்மை காட்டும். நிறத்தையும் இயல்பையும் ஒரு சொல்லில் அடக்கிய பெயர் இது.

திபெத்தின் உப்பேரிக் கரைகளில் படிந்த இப்பொருள், ஆடுகளின் முதுகில் இமயக் கணவாய்களைக் கடந்து இந்தியாவுக்கு வந்தது. வடமொழியில் டங்கணம் எனப்பட்டது, மலாயில் திங்கால் ஆயிற்று. ஐரோப்பியர் வழங்கிய ‘டிங்கால்’ அம்மலாய்ச் சொல்லே. போராக்ஸ் என்னும் பெயரோ பாரசீகத்தில் தோன்றி அரபு வழியாகச் சென்றது. ஐரோப்பாவில் இதனைத் தூய்மைசெய்யும் தொழில் நெடுங்காலம் வெனிசு நகரத்தார் கையில் இருந்தது. 1702இல் ஓம்பெர்க் இதிலிருந்து போரிக் அமிலத்தைப் பிரித்தார். 1808இல் போரான் என்னும் தனிமமே வெளிப்பட்டது.

தனிமத்தை அறியாத காலத்திலும் அதன் வினையைக் கைத்தொழிலாளர் அறிந்திருந்தனர். நகையைச் சூடாக்கும்போது பொன்னுடன் கலந்த செம்பு காற்றிலுள்ள ஆக்சிசனுடன் கூடிக் கறுக்கும். அந்த ஆக்சைடுப் படலம் பற்றுப்பொடியை ஒட்டவிடாது. வெண்காரம் முதலில் நீரை இழந்து பொங்கும். ஏறத்தாழ 740 பாகை செல்சியசில் கண்ணாடிபோல் உருகும். உருகியதும் படலத்தைக் கரைத்துக்கொண்டு காற்றையும் தடுக்கும். பள்ளி ஆய்வகத்தில் செம்பு உப்பு போராக்ஸ் மணியை நீலமாக்குவதும் இதே வினையால்தான். பொடிவைத்து ஊதும் பட்டறையும் ஆய்வகமும் ஒரே பாடத்தையே நடத்துகின்றன.

மாணவர் கையிலுள்ள சோதனைக் குழாயிலும் போரான் உண்டு. போரோசிலிக்கேட்டுக் கண்ணாடி வெப்பத்தில் மிகக் குறைவாகவே விரிவதால் எளிதில் விரிசல் விடுவதில்லை. சலவைத்தூளிலும் கரப்பான்பூச்சி மருந்திலும் போரேட்டுகள் பயன்படுகின்றன.

ஆனால் மீ வகைகளும் மீன் உருண்டைகளும் கெடாமல் துவள்வதற்காகப் போரிக் அமிலத்தைக் கலப்போரும் உளர். நம் நாட்டில் அது அனுமதிக்கப்பட்ட உணவுப் பதப்பொருளன்று. உடலில் மிகுந்தால் வாந்தியும் சிறுநீரகக் கேடும் விளையும். குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

போராக்ஸ் என்று மட்டும் கற்பிக்கும்போது அது தேர்வுக்குரிய பெயராக நின்றுவிடுகிறது. வெண்காரம் என்றும் சேர்த்துச் சொன்னால், பட்டறையில் நன்மை செய்வது வயிற்றில் தீமை செய்யும் என்பதையும் மாணவர் தம் மொழியிலேயே எண்ணிப் பார்ப்பர். ஆசிரியர்களாகிய நாம் இரு பெயர்களையும் ஒருசேரக் கற்பிப்போமாக.