இந்திரா பார்த்தசாரதி

இந்திரா பார்த்தசாரதி (பிறப்பு: 10 ஜூலை 1930) தமிழ்ப் பேராசிரியர், நாவலாசிரியர், நாடகாசிரியர். இயற்பெயர் ரங்கநாதன் பார்த்தசாரதி; வாசகர்களுக்கு இ.பா. தாம் பாடம் சொன்ன பழைய இலக்கியங்களையும் சமய வரலாற்றையும் நவீன நாடகங்களாக மாற்றியவர்.

கல்வியும் ஆசிரியப் பணியும்

கும்பகோணத்தில் வளர்ந்தார். பள்ளியில் இவருக்கு ஆசிரியராக இருந்தவர் எழுத்தாளர் தி. ஜானகிராமன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை முடித்து, டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார். வைணவம் பற்றிய ஆய்வுக்காக முனைவர் பட்டம் பெற்றார். 1980களில் போலந்தின் வார்சா பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக இருந்தார்.

நாடகங்கள்

‘மழை’, ‘போர்வை போர்த்திய உடல்கள்’ ஆகியவை குடும்ப உறவுகளின் மூச்சுமுட்டலைப் பேசுகின்றன. ‘ஔரங்கசீப்’பில் ஷாஜகான் கடந்த காலத்திலும் அவருடைய மகன் தாரா வருங்காலக் கனவிலும் வாழ்கிறார்கள், நாடு முழுவதையும் ஒரே நம்பிக்கைக்குள் அடக்க முனைகிறார் ஔரங்கசீப். ‘நந்தன் கதை’யில் பெரியபுராணத்தின் திருநாளைப்போவாரான நந்தன் சாதியச் சூழ்ச்சிக்குப் பலியாகிறார், அவர் புகுந்ததாகப் பக்தர்கள் புனிதமாகக் கண்ட நெருப்பு இங்கே கொலைக்களம். ‘கொங்கைத் தீ’ சிலப்பதிகாரத்தை மறுபடி வாசிக்கிறது. ‘ராமானுஜர்’ இவருடைய வைணவ ஆய்வின் மேடை வடிவம்; திருக்கோட்டியூர்க் கோபுரத்திலேறி மந்திரத்தை ஊருக்கே சொன்னவரைச் சமூகச் சீர்திருத்தக்காரராகக் காட்டுகிறது.

புதுவைப் பணி

காலாப்பட்டில் உள்ள, 1985இல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளிக்கு இ.பா. தொடக்ககால இயக்குநர். 1922இல் புதுச்சேரியில் மறைந்த நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரை அப்பள்ளி தாங்கியுள்ளது. சுற்றியுள்ள விழுப்புரம் வட்டாரம் தெருக்கூத்தின் நிலம். திரௌபதியம்மன் திருவிழாக்களில் விடிய விடியப் பாரதக் கூத்து நடக்கும். கூத்து மரபு உயிரோடிருக்கும் மண்ணில் நாடகம் பல்கலைக்கழகப் பாடமானது தமிழ் அரங்குக்குக் கிடைத்த பெரும்பேறு.

நாவலும் திரைப்படமும்

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அதன் பின்னணியில் எழுந்த நாவல் ‘குருதிப்புனல்’. ‘உச்சி வெயில்’ குறுநாவல் கே. எஸ். சேதுமாதவன் இயக்கத்தில் ‘மறுபக்கம்’ என்ற படமாகி, சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதைத் தமிழுக்கு முதன்முதலில் கொண்டுவந்தது.

விருதுகள்

‘குருதிப்புன’லுக்குச் சாகித்திய அகாதெமி விருது (1977), ‘ராமானுஜ’ருக்குச் சரஸ்வதி சம்மான் (1999), நாடகத்துக்காகச் சங்கீத நாடக அகாதெமி விருது, பத்மஸ்ரீ (2010) ஆகியவற்றைப் பெற்றார். இலக்கியம், நாடகம் ஆகிய இரு துறைகளின் தேசிய அகாதெமிகளும் விருதளித்த தமிழ் எழுத்தாளர் இவர்.