நாய்க்குப் பாடம் சொன்னவர்கள் கற்ற பாடம்

"நாய் வாலை நிமிர்த்த முடியாது" என்கிறது நம் பழமொழி. திருந்தாத குணத்திற்கு நாயை எடுத்துக்காட்டாக்கிய நாம், நாய்களைப் பழக்கியவர்களின் வரலாற்றை அவ்வளவாக வாசித்ததில்லை. அதை வாசிக்கும்போது, நெடுங்காலம் நிமிர மறுத்தது யாருடைய வால் என்ற ஐயம் எழுகிறது.

கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடமொழியில் இயற்றிய 'மானசோல்லாசம்' 100 அத்தியாயங்கள் கொண்ட பெருந்தொகுப்பு. அரசியல், சமையல், இசை, யானை, குதிரை ஆகியவற்றோடு நாய்களுக்கும் அதில் ஓர் அத்தியாயம் உண்டு. 'சாரமேய விநோதம்' என்பது அதன் பெயர். இருக்கு வேதம் குறிப்பிடும் சரமை என்னும் தேவலோகப் பெண்நாயின் வழிவந்தது என்ற பொருளில் நாய்க்குச் சாரமேயம் என்று பெயர். ஓர் அரசன் அறிந்திருக்கத்தக்கவற்றுள் நாயைப் பற்றிய அறிவும் அன்று ஒன்றாக இருந்தது.

அந்த மரபு தொடர்ந்து வளர்ந்ததாகச் சொல்ல இயலாது. விடுதலைக்குப் பின், 1960இல் மீரட் நகரிலுள்ள இராணுவக் கால்நடைப் பிரிவின் மையத்தில் நாய்ப் பயிற்சி தொடங்கியது. எல்லைப் பாதுகாப்புப் படை 1970இல் குவாலியரை அடுத்த டேகன்பூரில் தனக்கென ஒரு பயிற்சி மையத்தை நிறுவியது. இவ்விடங்களில் முதன்மை பெற்றவை அல்சேஷன், லாப்ரடார் முதலிய அயல்நாட்டு இனங்களே.

பயிற்சியின் அடிப்படை எளியது. வெடிமருந்தின் மணத்தைக் கண்டுபிடித்தால் விளையாட்டோ வெகுமதியோ கிடைக்கும் என்று நாய் உணர்கிறது. கண்டுபிடித்ததும் அது குரைப்பதில்லை, பறிப்பதுமில்லை, அசையாமல் உட்கார்ந்துவிடுகிறது. தொட்டால் வெடிக்கக்கூடிய பொருள் அது. இதைக் கற்பிப்பதைவிடக் கடினமானது, உடன் செல்லும் வீரர் கற்க வேண்டிய பாடம். நடை தளர்வது, மூச்சு மாறுவது, வாலின் அசைவு நிற்பது ஆகியவற்றை அவர் படித்தறிய வேண்டும். அவர் பிழையாகப் படித்தால் இருவர் உயிரும் போகலாம்.

படையில் ஒரு நாயின் பணிக்காலம் பத்தாண்டுக்குள் முடிந்துவிடுகிறது; வீரருடையது முடிவதில்லை. அடுத்து அவரிடம் வரும் நாய்க்கு வேறு இயல்பு, வேறு அச்சங்கள். முந்தைய நாயிடம் கற்றதில் பாதியை மறந்து அவர் மீண்டும் முதல் பாடத்திற்கு வர வேண்டும். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்ற கேள்விக்கு அவருடைய பணி வாழ்க்கையே விடை.

தனிமனிதர் இவ்வாறு கற்றுக்கொண்டே இருக்க, நிறுவனம் கற்க நெடுங்காலம் ஆயிற்று. பணிக்கு உதவாத நிலையை அடைந்த இராணுவ நாய்கள் கருணைக்கொலை செய்யப்பட்டு வந்தன என்பது 2015இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகப் பரவலாக வெளிப்பட்டது. தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது. அதன் பின்னரே அந்நடைமுறை மாறி, ஓய்வுபெற்ற நாய்களைப் பராமரிக்கவும் தத்துக் கொடுக்கவும் வழி பிறந்தது. கட்டளைக்குப் பணியும் நன்றியை நாய்க்குக் கற்பித்த அமைப்பு, தான் நன்றி செலுத்தக் கற்பதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் மாண்டவற்றுக்கு அந்தக் கல்வி பயன்படவில்லை என்பதையும் வரலாறு பதிவு செய்ய வேண்டும்.

2016இல் மற்றொரு மாற்றம். வட கர்நாடகத்தின் முதோள் சமஸ்தானத்துக் கோர்படே அரசர்கள் பேணிய வேட்டை நாய் இனத்தின் குட்டிகள் பயிற்சிக்காக மீரட் சென்றன. முதோள் நாய் இரையைக் கண்ணால் கண்டு துரத்தும் இனம். மோப்ப இனங்களோடு பழகிய பயிற்றுநர்கள் தமக்குப் புதியதொரு இயல்பை அறிய வேண்டியிருந்தது.

முதோள் அருகே இந்த இனத்துக்கென ஆய்வு மையம் ஒன்றை நடத்துவது பீதரைத் தலைமையிடமாகக் கொண்ட கால்நடைப் பல்கலைக்கழகம். சோமேசுவரனின் கல்யாணி இன்று பசவகல்யாண் என்ற பெயரில் அதே பீதர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் அங்கே நாயைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதப்பட்டது. அதில் அடுத்த பக்கத்தை நாம் இப்போதுதான் எழுதத் தொடங்கியிருக்கிறோம்.