ஊர்நாயின் நோயும் காட்டுச் சிங்கமும்

கல்பாக்கத்திலிருந்து வடக்கு நோக்கிக் கடற்கரைச் சாலையில் செல்வோர் பல்லவர்களின் சிங்கங்களைக் காணாமல் கடக்க முடியாது. மாமல்லபுரத்தின் தூணடியில் அமர்ந்திருப்பவையும் கொற்றவையைச் சுமப்பவையும் ஒருபுறமிருக்க, சற்றுத் தள்ளிச் சாளுவன்குப்பத்துப் புலிக்குகையில் யாளித் தலைகள் வட்டமாய்ச் சூழ்ந்து நிற்கின்றன. இவற்றைச் செதுக்கிய சிற்பிகள் உயிருள்ள சிங்கத்தைக் கண்டிருப்பார்களா என்பது ஐயமே. நமக்கு அந்தத் தடை இல்லை. இதே செங்கல்பட்டு மாவட்டத்தில், 1985-ல் சென்னை நகரத்திலிருந்து வண்டலூருக்கு இடம் மாறிய அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் ஆசியச் சிங்கங்கள் இருக்கின்றன.

2021 ஜூன் 3 அன்று அங்கே நீலா என்ற 9 வயதுப் பெண் சிங்கம் இறந்தது. பரிசோதிக்கப்பட்ட 11 சிங்கங்களில் 9-க்குக் கொரோனா தொற்று இருந்தது. இரு வாரத்துக்குள் பத்மநாதன் என்ற 12 வயது ஆண் சிங்கமும் இறந்தது. நான்கு சிங்கங்களின் மாதிரிகளில் இருந்தது டெல்டா வகை என்று போபால் ஆய்வகம் கண்டறிந்தது. அதாவது, அந்த மாதங்களில் நம் வீடுகளில் யாரை அந்த நோய் கொண்டுபோனதோ, அதே நோய். இது நாயிடமிருந்து வந்ததல்ல. மனிதரிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் காட்டு விலங்குகளுக்கு நாய் கொடுத்த நோய்களின் வரலாற்றைப் புரட்டும்போது, அங்கும் நாய்க்குப் பின்னால் மனிதன் நிற்பதைப் பார்க்கிறோம். நாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

டிஸ்டெம்பர் என்றால் நம்மில் பலருக்குச் சுவருக்கு அடிக்கும் சுண்ணப் பூச்சுதான் நினைவுக்கு வரும். நாய் வளர்ப்போருக்கு அது வேறு பொருள். காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் சீழ், கழிச்சல், கடைசியில் வலிப்பு. குட்டிகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. இந்த வைரஸ், குழந்தைகளுக்கு வரும் தட்டம்மை வைரசுக்கும், மாடுகளை மந்தை மந்தையாய்ச் சாய்த்து 2011-ல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட வெக்கை நோயின் வைரசுக்கும் நெருங்கிய உறவு. 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தென் அமெரிக்காவில் நாய்களிடையே இத்தகைய நோயைக் கண்டதாக ஸ்பானியப் பயணி உல்லோவா எழுதியிருக்கிறார். 1760-களில் அது ஐரோப்பாவில் பேசப்படுகிறது. ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டங்களுக்குக் கொண்டுசென்ற தட்டம்மைதான் அங்குள்ள நாய்களில் புகுந்து உருமாறி டிஸ்டெம்பர் ஆயிற்றோ என்று அண்மைக்கால ஆய்வாளர்கள் சிலர் ஐயுறுகிறார்கள். அது மெய்யானால், இந்த நோயை நாய்க்குக் கொடுத்ததே நாம்தான்.

பெரியம்மைத் தடுப்பூசியால் நாமறிந்த எட்வர்ட் ஜென்னர் 1809-ல் டிஸ்டெம்பரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். வடிகட்டியில் சிக்காத நுண்ணிய ஒன்றே அதற்குக் காரணம் என்று 1905-ல் பிரெஞ்சுக்காரர் அன்ரி கார்ரே காட்டினார். தடுப்பூசிக்கான பெருமுயற்சி 1920-களில் இங்கிலாந்தில் நடந்தது. அதற்குப் பணம் திரட்டியது 'தி ஃபீல்ட்' என்ற வேட்டைப் பத்திரிகை. பிரபுக்களின் வேட்டை நாய்கள் சாகின்றன என்பதே கவலை! லெய்ட்லா, டங்கின் இருவரும் கீரியினத்தை ஒத்த ஃபெரெட் என்ற சிறு பிராணியில் சோதனை நடத்தினர். அந்த ஃபெரெட்டுகள் கைவசம் இருந்ததால்தான் 1933-ல் மனித இன்ஃபுளுவென்சா வைரசை அதே நாட்டினர் பிரித்தெடுக்க முடிந்தது. இது கிளைக்கதை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.

வெறிநோய்க்கு நம் தென்னகத்திலேயே ஒரு வரலாறு உண்டு. 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். சிகிச்சைக்கான நிலையம் அப்போது வெகுதொலைவில், இமயத்தின் கசௌலியில் இருந்தது. அந்தச் சாவு எழுப்பிய குரலும் ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கரின் நன்கொடையும் சேர்ந்து 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனத்தைக் கொண்டுவந்தன. தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் அதனால் உயிர் பிழைத்தனர்.

குன்னூருக்கு வடகிழக்கே, இன்றைய சத்தியமங்கலம் காடுகளை ஒட்டிக் கர்நாடக எல்லைக்குள் கிடக்கின்றன பிலிகிரிரங்கன் மலைகள். அங்கே காப்பித் தோட்டம் வைத்திருந்த ஆர்.சி. மோரிஸ், செந்நாய்களிடையே வெறிநோய் பரவலாகக் காணப்பட்டதை 1942-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் பதிவு செய்தார். செந்நாய் கூட்டமாய் வாழ்வது, ஒன்றையொன்று நக்கி விளையாடுவது, ஒரே இரையில் முகம் புதைத்துத் தின்பது. கூட்டத்தில் ஒன்றுக்கு நோய் வந்தால் மற்றவை தப்புவது அரிது. ஒரு பெண்ணின் சாவு ஒரு நிறுவனத்தை எழுப்பியது. மலை முழுதும் பரவிய செந்நாய்ச் சாவுக்குக் கிடைத்தது இதழின் ஓரத்தில் ஒரு சிறு குறிப்பு. அன்றைய அரசு செந்நாயை ஒழிக்க வேண்டிய பிராணியாகவே கருதியது. கொன்றவருக்குப் பரிசும் கொடுத்தது. ஆகவே இதில் வியப்பதற்கு ஏதுமில்லை.

உலகம் இதைக் கவனிக்கத் தொடங்கியது 1994-ல்தான். தான்சானியாவின் செரங்கெட்டியில் வெப்பக்காற்றுப் பலூனில் சென்ற சுற்றுலாப் பயணிகள், கீழே ஒரு சிங்கம் வலிப்பில் துடிப்பதைக் கண்டு படம் பிடித்தனர். அந்த ஆண்டுக்குள் ஏறத்தாழ 3,000 சிங்கங்களில் 1,000 மடிந்தன. டிஸ்டெம்பர் பூனையினத்தைக் கொல்லாது என்றிருந்த நம்பிக்கையும் அத்துடன் போயிற்று. பூங்காவைச் சூழ்ந்த ஊர்களின் நாய்கள்மீது கை நீண்டது. அது பெருமளவு சரிதான், முழுமையாகச் சரியல்ல. முந்தைய ஆண்டின் வறட்சியில் எருமைகள் மெலிந்து உண்ணிகள் பெருகியிருந்தன. அவற்றைத் தின்ற சிங்கங்களுக்கு உண்ணியால் பரவும் பபேசியா நோயும் சேர்ந்துகொண்டதே சாவைப் பெருக்கியது என்று 2008-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஊர்நாய்களுக்குத் தடுப்பூசி போட்ட பிறகும் சிங்கங்களில் தொற்று நிற்கவில்லை என்று 2015-ல் வெளியான இன்னோர் ஆய்வு கூறியது. வைரஸ் வேறு விலங்குகளிலும் தங்குகிறது போலும்.

இந்தியாவில் அப்போதே எச்சரிக்கை கேட்டவர்கள் உண்டு. உலகின் காட்டு ஆசியச் சிங்கங்கள் அத்தனையும் குஜராத்தின் கிர் காட்டிலும் அதன் சுற்றுவட்டத்திலும் மட்டுமே இருந்தன. ஒரே கூடையில் இருப்பவற்றை ஒரு கொள்ளைநோய் ஒரே மழைக்காலத்தில் துடைத்துவிடக்கூடும் என்று சூழலியலாளர்கள் வாதிட்டனர். மத்தியப் பிரதேசத்தின் குனோ இரண்டாம் வீடாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்காகக் குனோவின் உள்ளிருந்த 24 ஊர்கள் வெளியேற்றப்பட்டன. பெரும்பாலோர் சகரியா பழங்குடியினர். குஜராத் அரசு சிங்கங்களைத் தர மறுத்தது. 2013 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு மாதத்துக்குள் மாற்ற வேண்டுமென்று தீர்ப்பளித்தது. ஆறு மாதமும் போயிற்று, ஐந்து ஆண்டும் போயிற்று.

2018 செப்டம்பரில் கிர் கிழக்குப் பகுதியின் தல்கானியா சரகத்தில் சிங்கங்களின் உடல்கள் கிடைக்கத் தொடங்கின. சண்டையில் செத்தவை, நுரையீரல் நோயில் செத்தவை என்று முதலில் சொல்லப்பட்டது. எண்ணிக்கை 23 ஆயிற்று. புணேயின் தேசிய வைராலஜி நிறுவனம் டிஸ்டெம்பரை உறுதி செய்தது. மாதிரிகளைச் சோதித்ததில் 68 சிங்கங்களிலும் 6 சிறுத்தைகளிலும் வைரஸ் இருந்தது. அதன் மரபணு வரிசை இந்தியா-1/ஆசியா-5 எனப்படும் வகையோடு ஒத்திருந்தது. உண்ணிக் காய்ச்சலும் உடனிருந்தது. கால் நூற்றாண்டுக்கு முன் செரங்கெட்டியில் எழுதப்பட்ட அதே பட்டியல்தான். சிங்கங்களைப் பிடித்துத் தனிமைப்படுத்தினர். அமெரிக்காவிலிருந்து தடுப்பூசி தருவிக்கப்பட்டது. சுற்று ஊர்களின் நாய்களுக்கும் கால்நடைகளுக்கும் ஊசி போடப்பட்டது. இவையெல்லாம் நடந்தது சாவுக்குப் பின்புதான்.

கிர் ஊர்களில் நாய் ஏன் இத்தனை என்றொரு கேள்வியும் உண்டு. மாடு செத்தால் அதை ஊருக்கு வெளியே போடுவது வழக்கம். பிணந்தின்னிக் கழுகுகள் டைக்ளோஃபெனாக் என்ற கால்நடை மருந்தால் இந்தியாவெங்கும் 1990-களில் பெருமளவு அழிந்தன. அவை விட்ட இடத்துக்கு நாய் வந்தது. அதே மாட்டிறைச்சிக்குச் சிங்கமும் வருகிறது. ஒரே பிணத்தில் இரண்டின் வாயும் படுகின்றன.

குனோவுக்குச் சிங்கம் போகவில்லை. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலிகள் அங்கே வந்திறங்கின. சிங்கங்களுக்கு இடம் கொடுக்க ஊரை விட்ட சகரியா மக்கள் சிங்கத்தைக் காணவேயில்லை. குஜராத் அரசு போர்பந்தர் அருகிலுள்ள பர்தா சரணாலயத்தையே இரண்டாம் வீடு என்கிறது. 2023-ல் ஒரு சிங்கம் தானாகவே நடந்து அங்கே போய்ச் சேர்ந்தது. 2025 மே மாதக் கணக்கெடுப்பில் சிங்கங்கள் 891. அவற்றில் பாதியளவு காப்புக்காட்டுக்கு வெளியே, வயல்களிலும் ஊரோரங்களிலும் திரிகின்றன. பர்தா கிர் காட்டிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். இடையில் உள்ளவை ஊர்கள்தாம், ஒவ்வோர் ஊரிலும் நாய்கள் இருக்கின்றன.